கடல் இல்லாத கப்பற்படை: அறிவியல் புனைவின் விண்போர்ச் சொற்கள்

1. கேள்வி

2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை, பாதுகாப்புச் செலவின மசோதாவோடு ஒரு திருத்தத்தையும் சேர்த்து நிறைவேற்றியது. முந்தைய ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட விண்வெளிப் படை, கடற்படையின் பதவிப் பெயர்களையே பயன்படுத்த வேண்டும் என்றது அத்திருத்தம். கொண்டுவந்தவர் டெக்சாஸ் உறுப்பினர் டான் கிரென்ஷா. பத்திரிகைகள் அதை ‘ஸ்டார்ஃப்ளீட் திருத்தம்’ என்று அழைத்தன. அடுத்த மாதம், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் இதற்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதினார். விண்வெளி வீரர்களின் தலைவன் கேப்டனாகவும் அட்மிரலாகவும் இருந்தால்தான் பொருந்தும் என்பது அவர் வாதம். இறுதிச் சட்டத்தில் அத்திருத்தம் இடம்பெறவில்லை. 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட பதவிப் பெயர்கள் பெரும்பாலும் விமானப்படையை ஒட்டியே அமைந்தன.

பொழுதுபோக்குச் செய்தியாக வந்துபோன இந்த விவகாரத்துக்கு அடியில் ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி இருக்கிறது. கேப்டன் என்ற ஒரே பதவிப்பெயர் தரைப்படையிலும் விமானப்படையிலும் இளநிலை அதிகாரியைக் குறிக்கிறது. கடற்படையிலோ தனிக் கப்பலின் முழு அதிகாரமும் கையில் உள்ள மூத்தவரைக் குறிக்கிறது. இந்தியத் தரைப்படையிலும் கடற்படையிலும் இதே நிலைதான். கடற்படைக் கேப்டன் தரைப்படையின் கர்னலுக்கு இணை. ஆக, விண்வெளியில் எந்தச் சொல்லைப் புழங்குவது என்ற தேர்வுக்குள், அங்கே அதிகாரம் எப்படி இயங்கும், ஆபத்து எங்கிருந்து வரும், சண்டை என்னவாக இருக்கும் என்ற முன்முடிவுகளும் அடங்கியிருக்கின்றன. அந்த முன்முடிவுகளில் பெரும்பகுதி, விண்வெளிக்கு எவரும் போவதற்கு முன்பே கதைகளில் உருவானவை.

அறிவியல் புனைவு விண்போருக்குக் கடலின் மொழியையும் ஓரளவு வானத்தின் மொழியையும் கடன் வாங்கியது. அந்தக் கடன் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இது குறித்து ஏற்கெனவே இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. வெற்றிடத்தில் ஒலி கேட்காது, கலங்கள் விமானம்போல் சாய்ந்து திரும்ப முடியாது, ஆகவே இத்தகைய கதைகள் பிழையானவை என்பார் ஒரு சாரார். கதைக்குக் கதையின் நியாயம் போதும், கடற்போர் வாசகருக்குப் பழகிய மரபு, அதில் இயற்பியலைத் தேட வேண்டாம் என்பார் மறு சாரார். இருவருமே எல்லாச் சொற்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். அந்த மூட்டையைப் பிரித்தாக வேண்டும் என்பது என் வாதம். கலத்தின் உட்புற வாழ்வைச் சொல்லும் சொற்கள் ஒரு வகை. கலத்துக்கு வெளியே நிகழும் இயக்கத்தையும் மோதலையும் சொல்லும் சொற்கள் வேறு வகை. கடலின் மொழி முதலாவதில் நியாயமாக நிற்கிறது; இரண்டாவதில் தடுமாறுகிறது.

2. கடற்சொற்கள் வந்த வழி

பெர்சி கிரெக் 1880இல் வெளியிட்ட ‘அக்ராஸ் தி ஸோடியாக்’ நாவலில் செவ்வாய்க்குச் செல்லும் கலத்தின் பெயர் ‘ஆஸ்ட்ரநாட்’. விண்மீன் மாலுமி என்று பொருள்படும் கிரேக்கச் சேர்க்கை அது. பிற்காலத்தில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு அதே பெயர் வந்தது; சோவியத் வீரர்கள் அண்ட மாலுமிகளானார்கள். விண்வெளியில் மிதப்பவன் மாலுமி என்ற முடிவு, ராக்கெட் சமன்பாட்டை சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிடுவதற்கு முன்பே புனைவில் எடுக்கப்பட்டுவிட்டது.

படைகளையும் அணிவகுப்புகளையும் கொண்ட விண்போரைப் பெரிய அளவில் எழுதிக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஈ.ஈ. ஸ்மித். அவருடைய ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ 1928இல் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழில் தொடராக வந்தது. பின்னர் எழுதிய ‘லென்ஸ்மேன்’ வரிசையில் பல்லாயிரக்கணக்கான கலங்கள் மோதுகின்றன. அவற்றை ஒரு தளபதியால் எப்படிக் கண்காணிக்க முடியும்? 1939இல் தொடராகத் தொடங்கிய ‘கிரே லென்ஸ்மேன்’ நாவலில் ஸ்மித் இதற்கு ஒரு தீர்வு வைத்தார். ‘டேங்க்’ எனும் பிரமாண்டமான முப்பரிமாணக் காட்சித் தொட்டி. களத்திலுள்ள ஒவ்வொரு கலமும் அதில் ஒளிப்புள்ளியாகத் தெரியும். அதற்கென்றே கட்டப்பட்ட கட்டளைக் கலமும் உண்டு.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் போர்க்கப்பல்களில் ‘போர்த் தகவல் மையம்’ என்ற அறை வந்தது. ரேடார் தரும் செய்திகள் எல்லாம் ஒரே இடத்தில் திரண்டு, வரைபலகையில் களமாக உருப்பெறும் அறை. கடற்படை அதிகாரி ஒருவர் இந்த யோசனை ஸ்மித்தின் கதையிலிருந்து நேரடியாக வந்தது என்று தம்மிடம் ஒப்புக்கொண்டதாக, இதழாசிரியர் ஜான் கேம்பெல் 1947இல் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார். ரசிகர்கள் இதை விரும்பிச் சொல்வார்கள். ஆனால் சான்றை நிறுத்துப் பார்க்க வேண்டும். அது அறிவியல் புனைவை வளர்த்தெடுத்த ஓர் ஆசிரியர் தம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதம். மேலும், 1940இல் பிரிட்டனின் வான்பாதுகாப்பு அறைகளில் பெரிய மேசைகள் மீது காய்களை நகர்த்தி விமானங்களைக் கண்காணித்தார்கள்; ரேடார் எங்கே வந்தாலும் இத்தகைய அறை தேவைப்பட்டிருக்கும். கதை ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம், ஒரே காரணமாக இருந்திருக்க முடியாது. எப்படியாயினும், அதே அறை 2004இன் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடரில் நடுவில் மேசையோடு விண்கலத்துக்குள் திரும்பி வந்துவிட்டது.

‘ஸ்டார் ட்ரெக்’ (1966) இந்த வரலாற்றில் தனியாகக் கவனிக்கத்தக்கது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர். எண்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரிஸும் போர்விமானங்களில் பறந்தவர். இருவரும் வானத்து மனிதர்கள். ஆனாலும் கடலின் மொழியைத் தேர்ந்தார்கள். சி.எஸ். ஃபாரெஸ்டர் எழுதிய ஹார்ன்ப்ளோயர் கடற்கதைகளை ராடன்பெரி முன்மாதிரியாகக் கொண்டார். விமானப் பயணம் சில மணி நேரத்தில் முடிந்து தளத்துக்குத் திரும்பிவிடும். ஐந்தாண்டுப் பயணம், தலைமையகத்தோடு தொடர்பு அறுந்த தூரம், ஆணை கேட்டுக் காத்திருக்க முடியாத தருணங்கள் ஆகியவற்றுக்குப் பாய்மரக் கப்பலின் கேப்டனே பொருத்தமானவன்.

‘ஸ்டார் வார்ஸ்’ (1977) வானத்தின் பக்கம் சாய்ந்தது. சிறப்புக் காட்சிகள் தயாராகும்வரை ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர்த் திரைப்படங்களின் விமானச் சண்டைத் துண்டுகளை ஒட்டிப் படத்தைத் தொகுத்தார். இறுதித் தாக்குதல் ‘தி டேம் பஸ்டர்ஸ்’ (1955), ‘633 ஸ்குவாட்ரன்’ (1964) ஆகிய படங்களின் சாயலைத் தெளிவாகக் கொண்டிருக்கிறது. ‘டேம் பஸ்டர்ஸ்’ சிறப்புக் காட்சிகளை ஒளிப்பதிவு செய்த கில்பர்ட் டெய்லரே ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கும் ஒளிப்பதிவாளர். சாய்ந்து திரும்புவது, பின்னால் தொற்றிக்கொள்வது, மேலிருந்து பாய்வது என்று அப்படத்தின் சண்டைமொழி முழுவதும் காற்றில் பறக்கும் இறக்கையின் மொழி.

3. கலத்தின் உள்ளே

பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இடம் சுட்டுவதற்குக் கப்பற்சொற்களே புழக்கத்தில் உள்ளன. முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் ஆகிய நான்குக்கும் மாலுமிகள் சொல்லும் சொற்கள்தாம். நிலையத்தின் நீண்ட முதுகெலும்புச் சட்டங்களின் குறியீடுகளில் பி என்ற எழுத்து கப்பலின் இடப்பக்கத்தையும் எஸ் வலப்பக்கத்தையும் குறிக்கும். எடையின்மையில் தரை, கூரை என்று எதுவும் இல்லாதபோதும், ஒவ்வொரு கூடத்திலும் ஒரு சுவருக்குக் கப்பலின் தளம் என்று பெயர். எதிர்ச்சுவருக்குத் தலைக்குமேல் என்று பெயர். அவசரத்தில் ஒருவர் மற்றவரிடம் தீயணைப்பானின் இடத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்குத் தலை எந்தப் பக்கம் இருந்தாலும் மாறாத ஒரு திசைமொழி தேவை. பார்ப்பவனின் இடக்கை வலக்கையைச் சாராமல், கலத்தையே சார்ந்த திசைச்சொற்களைக் கடலோடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். அந்த முதுசொம் அப்படியே உதவுகிறது.

இது உள்ளமைப்பு முழுவதற்கும் பொருந்தும். மூடிய உடற்கூடு, வெளியே உயிரைக் கொல்லும் சூழல், அளவிட்ட காற்றும் நீரும், துளை விழுந்தால் அந்த அறையை மட்டும் அடைத்து மற்றவற்றைக் காக்கும் தடுப்புச்சுவர்கள், நாள் முழுவதும் யாரேனும் விழித்திருக்க வேண்டிய பணிமுறை. நீர்மூழ்கிக் கப்பலுக்கும் விண்கலத்துக்கும் இவை எல்லாம் பொது. எனவே சேதக் கட்டுப்பாடு, காற்றறை, பணிமுறை, கேப்டன் என்ற சொற்களை ஒரு புனைகதை பயன்படுத்தும்போது, அச்சொற்களோடு வரும் மனித உறவுகளும் நம்பும்படியாகவே வருகின்றன.

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ (1966) அத்தியாயம் இதற்குச் சிறந்த சான்று. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கியும் ஒன்றையொன்று வேட்டையாடும் ‘தி எனிமி பிலோ’ (1957) திரைப்படத்தின் தழுவல் அது. கண்ணுக்குப் புலப்படாத எதிரிக்கலம், இயந்திரங்களை நிறுத்திவிட்டு அசையாமல் காத்திருத்தல், எதிர்த்தரப்புத் தளபதியின் மனத்தை ஊகித்தல், அவன்மேல் மெல்லப் பிறக்கும் மரியாதை என அதன் வலிமை எல்லாம் கலத்துக்குள்ளே இருக்கிறது. இரு தளபதிகளின் களைப்பு நமக்கு உண்மையாகவே தொற்றுகிறது. தொலைக்காட்சி வரலாற்றின் ஆகச்சிறந்த விண்போர்க் கதைகளில் ஒன்றாக அதை நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் எந்த இயற்பியல்மேல் அந்த ஒளிந்துகொள்ளல் நிற்கிறதோ, அது விண்வெளியில் இல்லை.

4. கலத்தின் வெளியே

1965 ஜூன் 3 அன்று ஜெமினி-4 கலம் சுற்றுப்பாதையை அடைந்தது. தன்னைச் சுமந்துவந்த டைட்டன் ராக்கெட்டின் எரிந்து முடிந்த இரண்டாம் கட்டம் அருகிலேயே மிதந்துகொண்டிருந்தது. அதை நெருங்கி, அதனோடு இணையாகப் பறந்து காட்டுவது கலத்தின் தலைவர் ஜேம்ஸ் மெக்டிவிட்டின் வேலைகளில் ஒன்று. அவர் தேர்ந்த விமானி. கலத்தின் மூக்கை இலக்கை நோக்கித் திருப்பி உந்துவிசையை இயக்கினார். கொஞ்ச நேரத்தில் இலக்கு விலகிக் கீழே போயிருந்தது. மறுபடி குறிபார்த்து உந்தினார், மறுபடியும் விலகியது. எரிபொருள் வேகமாகக் கரைந்ததால் முயற்சி கைவிடப்பட்டது.

அவர் செய்தது ஒரு விமானி செய்ய வேண்டியதைத்தான். சுற்றுப்பாதையின் கணக்கு வேறு. முன்னால் போகும் பொருளைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நமது பாதை உயர்கிறது; உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் ஆகும்; ஆக நாம் பின்தங்குவோம். முந்தவேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே சுற்று சீக்கிரம் முடியும். பிறகு சரியான தருணத்தில் மீண்டும் உயர வேண்டும். இந்தக் கணக்கையே 1963இல் எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்ட ஆய்வாக எழுதியவர் பஸ் ஆல்ட்ரின். கொரியப் போரில் மிக் விமானங்களை வீழ்த்திய போர்விமானி அவர். விமானியின் உள்ளுணர்வைச் சுற்றுப்பாதைக்கு எப்படித் திருத்துவது என்பதை அந்த அனுபவத்திலிருந்தே அவர் யோசித்திருக்கிறார். 1965 டிசம்பர் 15 அன்று ஜெமினி-6ஏ, ஜெமினி-7 கலத்தை ஓர் அடி தூரம்வரை நெருங்கி நின்றபோது அந்தக் கணக்கு மெய்ப்பிக்கப்பட்டது.

துரத்தல் என்ற எளிய சொல்லையே இந்த நிகழ்வு கேள்விக்குள்ளாக்குகிறது. கடலில் துரத்துபவன் இலக்கை நோக்கிப் போகிறான். சுற்றுப்பாதையில் துரத்துபவன் எதிர்ப்பக்கம் உந்தவேண்டி வரலாம். ‘நில்’ என்ற ஆணையும் அப்படியே. நீரில் இயந்திரத்தை அணைத்தால் கப்பல் இழுவையால் மெல்ல நின்றுவிடும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கலத்தின் இயந்திரம் பெரும்பாலான நேரம் அணைந்துதான் இருக்கிறது; அதனால் அது நிற்பதில்லை. எதற்குச் சார்பாக நிற்பது என்று சொல்லாமல் அந்த ஆணைக்கே பொருளில்லை.

தூரத்தின் கதையும் இதுவே. 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3 ஆகஸ்ட் 23 அன்றுதான் நிலவில் இறங்கியது. 1969இல் அப்போலோ-11 மூன்றே நாட்களில் நிலவின் சுற்றுப்பாதையை எட்டியிருந்தது. இரண்டும் சென்றடைந்த இலக்கு ஒன்றுதான். சந்திரயான் குறைந்த எரிபொருளில், பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் உந்தி உந்தித் தன் நீள்வட்டத்தைப் பெரிதாக்கியது. தமிழ்ச் செய்தித்தாள்கள் அந்த வாரங்களில் சுற்றுப்பாதை உயர்த்தப்பட்டதைப் படிப்படியாக வெளியிட்டன. அதன்மூலம் வாசகர் பலருக்கு இந்தக் கணக்கு பழகிவிட்டது. விண்வெளியில் ஓர் இடம் எவ்வளவு தொலைவு என்பதை அளக்கும் அலகு கிலோமீட்டர் அல்ல. அங்கே போக எவ்வளவு வேகமாற்றம் வேண்டும் என்பதே. பொறியாளர்கள் அதை டெல்டா-வி என்கிறார்கள். ஒரு போர்க்கலம் எவ்வளவு ஆயுதம் சுமக்கிறது என்பதைவிட எவ்வளவு டெல்டா-வி மிச்சம் வைத்திருக்கிறது என்பதே அதன் விதியைத் தீர்மானிக்கும். கடற்கதை மரபில் இதற்கு ஒரு சொல் இல்லாததில் வியப்பில்லை. காற்று வீசும்வரை பாய்மரத்துக்கு எரிபொருள் தீர்வதில்லை.

இனி வெப்பம். வெற்றிடத்தில் சூடான பொருள் குளிர்வதற்குக் கதிர்வீச்சு ஒன்றே வழி. தொட்டுக் குளிர்விக்கக் காற்றோ நீரோ இல்லை. அறைவெப்பநிலையில் உள்ள கரும்பரப்பு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 460 வாட் அளவே வெளியேற்றும். விண்வெளி நிலையத்தின் இருபுறமும் விரிந்திருக்கும் வெள்ளைப் பலகைகள் அமோனியாவைச் சுழலவிட்டு இந்த வேலையைத்தான் செய்கின்றன. போர்க்கலம் ஒவ்வொரு முறை சுடும்போதும், ஒவ்வொரு முறை உந்தும்போதும் சூடேறும். பலகைகளை உள்ளிழுத்துக் காத்தால் உள்ளிருப்போர் வெந்துவிடுவார்கள். வெளியே விரித்துவைத்தால் அவையே எளிய இலக்கு. பின்னணி வெளியின் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் மூன்று டிகிரிக்கும் குறைவு. அதன் முன்னால் மனிதர் வாழும் கதகதப்பில் உள்ள எந்தக் கலமும் அகச்சிவப்பில் பளிச்சென்று தெரியும். சத்தமில்லாமல் அடங்கிக் கிடப்பதால் இதை மறைக்க முடியாது. ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ கதையின் ஒளிந்துகொள்ளல் இங்கேதான் உடைகிறது. வெப்பத்தைச் சேமித்துவைத்துச் சில மணி நேரம் மட்டும் மறையலாம் என்ற வரம்பை ஏற்று எழுதிய கற்பனை ஒன்று உண்டு: 2007இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டின் நார்மண்டி கலம். ஒளிதல் அங்கே திறமையாக இல்லாமல், தீர்ந்துபோகும் ஒரு கையிருப்பாகிறது. அது சரியான பார்வை.

மேலும் கீழும் பற்றி ஒரு வார்த்தை. ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்பட வரிசையின் ‘தி ராத் ஆஃப் கான்’ (1982) படத்தின் உச்சக்கட்டத்தில், எதிரி இருபரிமாணத்தில் மட்டுமே சிந்திக்கிறான் என்று ஸ்பாக் கண்டுபிடிக்கிறார். எண்டர்பிரைஸ் செங்குத்தாக இறங்கி, எதிரியின் பின்னால் எழுகிறது. கடற்சொல்லின் குறையைக் கதாபாத்திரமே சுட்டும் அரிய இடம் அது. ஆனாலும் கலம் எழுந்துவருவது நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு வருவதுபோலத்தான் காட்டப்படுகிறது.

5. சொல்லுக்காக வளைந்த இயற்பியல்

இந்தச் சிக்கலை உணர்ந்த எழுத்தாளர்களில் சிலர், கடற்சொல்லைக் கைவிடாமல், அது உண்மையாகும்படி ஒரு பிரபஞ்சத்தைக் கட்டினார்கள். இதை ஏமாற்று என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த இயற்பியல் தேவை என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த வகையில் அவர்களுடைய புனைவுகள் ஆய்வுக் கருவிகள்.

லாரி நிவென், ஜெர்ரி பூர்னெல் இருவரும் எழுதிய ‘தி மோட் இன் காட்ஸ் ஐ’ (1974) நாவல் ஒரு முற்றுகையில் சென்று முடிகிறது. திறந்த விண்வெளியில் முற்றுகை இடுவது இயலாது. தடுப்பதற்கு வாயிலே இல்லை. எனவே விண்மீனுக்கு விண்மீன் தாவ, குறிப்பிட்ட சில புள்ளிகள் வழியாக மட்டுமே முடியும் என்று விதி வகுத்தார்கள். உடனே நீரிணையும் துறைமுக வாயிலும் பிறந்துவிட்டன; காவல்படைக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. அதே நாவலின் பாதுகாப்புக் கவசம் இன்னும் நுட்பமானது. தன்மேல் விழும் ஆற்றலை எல்லாம் அது விழுங்கி, மெதுவாகத்தான் வெளிவிடும். விழுங்க விழுங்கக் கருமையிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம், ஊதா என்று நிறம் ஏறும். தாங்கும் அளவு மீறினால் ஆற்றல் உள்நோக்கிச் சரிந்து கலத்தையே எரித்துவிடும். போர் நிலவரத்தைத் தளபதி நிறத்தால் படிக்கிறார். முந்தைய பகுதியில் சொன்ன வெப்பச் சிக்கலே இங்கே போரின் மொழியாக மாறியிருக்கிறது.

டேவிட் வெபர் 1993இல் ‘ஆன் பாசிலிஸ்க் ஸ்டேஷன்’ நாவலோடு தொடங்கிய ஹானர் ஹாரிங்டன் வரிசை இன்னும் வெளிப்படையானது. நெல்சன் காலத்துப் பக்கவாட்டுப் பீரங்கி வரிசைகள் மோதும் போரை அவர் விரும்பினார். ஒவ்வொரு கலத்தின் மேலும் கீழும் ஊடுருவ முடியாத ஈர்ப்புப் பட்டைகளை உந்து இயந்திரமே உருவாக்குகிறது என்றார். பக்கங்களில் வலுக்குறைந்த கவசம். முன்னும் பின்னும் திறப்பு. இவ்வளவு போதும். பக்கவாட்டு ஆயுத வரிசையும், எதிரியின் முன்பக்கத்தைக் குறுக்கே வெட்டும் பழைய கடற்தந்திரமும் இயற்பியல் விதியின் விளைவுகளாகவே திரும்புகின்றன. ஓரிடத்தில் மட்டும் முப்பரிமாணம் அவரைத் திருத்துகிறது. பாய்மரக் காலத்தில் கப்பல்கள் ‘போர் வரிசை’யாக நின்றன, வெபரின் கலங்கள் நீளமும் உயரமும் கொண்ட ‘போர்ச் சுவரா’க நிற்கின்றன. வரிசை சுவரான அந்த ஒரே மாற்றத்தில், கடற்சொல் எந்த எல்லைவரை நீளும் என்பதை வெபர் மிகத் துல்லியமாக அளந்திருக்கிறார்.

ஜப்பானில் 1979இல் யோஷியுகி டோமினோ இயக்கிய ‘மொபைல் சூட் குண்டம்’ தொடருக்குத் தேவைப்பட்டது நேருக்கு நேர்ச் சண்டை: மனித உருவ இயந்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் மோத வேண்டும். தொலைவிலிருந்தே ஏவுகணை அடிக்கும் காலத்தில் அது எப்படி? ரேடாரையும் வழிகாட்டும் அலைகளையும் முடக்கும் மினோவ்ஸ்கி துகள்கள் என்று ஒன்றைக் கற்பித்தார்கள். களம் குருடானதும் கண்ணும் கையும் முக்கியமாயின. தொலைநோக்குப் போர் எதை நம்பி நிற்கிறது என்பதை இந்தக் கற்பனைத் துகள் பின்பக்கமாகச் சொல்லிக் காட்டுகிறது.

6. சூழலிலிருந்து எழுந்த சொற்கள்

வேறு சிலர் சூழலைத் தொடாமல் சொல்லை மாற்றினார்கள். ஆர்சன் ஸ்காட் கார்டின் ‘எண்டர்ஸ் கேம்’ (கதையாக 1977, நாவலாக 1985) காட்டும் எடையற்ற பயிற்சி அறையில், எதிரியின் வாயில் இருக்கும் திசையையே கீழ் என்று கொள்ளும்படி சிறுவன் எண்டர் தன் அணிக்குப் பழக்குகிறான். உடனே கால்கள் எதிரியை நோக்கித் திரும்புகின்றன. சுடப்படும் உடற்பரப்பு சுருங்குகிறது. திசைச்சொல் ஒன்றை மாற்றியதும் உடலின் நிலையும் தந்திரமும் மாறுகின்றன.

வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பிய ஜோ ஹால்டெமன் எழுதிய ‘தி ஃபாரெவர் வார்’ (1974) படையாளின் சொற்களைத் தலைகீழாக்குகிறது. ஒளிவேகத்தை நெருங்கும் பயணத்தால், வீரனுக்குச் சில மாதங்கள் கழியும்போது பூமியில் பல தலைமுறைகள் கடக்கின்றன. பணிக்காலம், விடுப்பு, பதவி உயர்வு, வீடு திரும்புதல் என்ற வழக்கமான இராணுவச் சொற்கள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. அவை குறித்த வாழ்க்கைதான் இல்லாமல் போகிறது. போர்முனையிலிருந்து வந்தவனுக்குத் தன் நாடு அந்நியமாகிப்போன துயரத்தைச் சார்பியல் கோட்பாட்டின் வழியே சொன்ன அந்நாவல், இக்கட்டுரையில் வரும் படைப்புகளில் என்னை மிகவும் பாதித்தது.

டேனியல் ஏப்ரஹாம், டை ஃபிராங்க் இருவரும் ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்ற பெயரில் எழுதிய ‘தி எக்ஸ்பான்ஸ்’ வரிசை (முதல் நாவல் 2011, தொலைக்காட்சித் தொடர் 2015 முதல் 2022 வரை) இத்திசையில் வெகுதூரம் சென்றது. அதில் கலங்களின் தளங்கள் கப்பல்போல் நீளவாட்டில் இல்லை. அடுக்குமாடிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக, இயந்திரத்தை அடியில் கொண்டு நிற்கின்றன. உந்துவிசை இருக்கும்வரை இயந்திரத்தின் பக்கம் கீழ். அணைந்ததும் கீழ் என்பதே இல்லை. இதிலிருந்து கலத்தவர் பேச்சு இயல்பாகக் கிளைக்கிறது. உந்துவிசை இல்லாத நிலை, அவர்கள் வாயில், மிதப்பில் இருப்பது. பயணத்தின் பாதி வழிவரை உந்தி, கலத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி, மீதி வழி எதிர்த்திசையில் உந்தி வேகம் தணிப்பதற்கு ‘திருப்பி எரி’ என்பதுபோன்ற சுருக்கமான கட்டளை. கடும் முடுக்கத்தில் இரத்தக்குழாய் வெடிக்காமல் காக்க, இருக்கையிலேயே ஊசிவழி ஏறும் மருந்துக் கலவைக்குச் சாறு என்று பெயர். மூன்றையும் இயற்பியல் பாடமாக எவரும் விளக்குவதில்லை. தொழிலாளர்கள் தம் கருவிகளைச் சொல்வதுபோல் போகிற போக்கில் சொல்கிறார்கள். சிறுகோள் பட்டையில் பிறந்தவர்கள் தலையசைப்பதற்குப் பதில் கையை அசைக்கிறார்கள். தலைக்கவசத்துக்குள் தலையசைப்பு தெரியாது. தொலைக்காட்சித் தொடருக்காக மொழியியலாளர் நிக் ஃபார்மர் அவர்களுக்கென ஒரு கலப்புமொழியையே உருவாக்கினார்.

ஆனால் இதே தொடரில் கேப்டன் இருக்கிறார், அட்மிரல் இருக்கிறார், டார்பிடோ இருக்கிறது; கடைசித் தற்காப்பாக வரும் விரைவுப் பீரங்கிகள் இன்றைய போர்க்கப்பல்களில் உள்ளவற்றின் வழித்தோன்றல்கள். ஆசிரியர்கள் இயக்கத்துக்கும் உடலுக்கும் புதுச்சொல் ஆக்கினார்கள். அதிகாரத்துக்கும் ஆயுதப் பராமரிப்புக்கும் கடலிலிருந்தே எடுத்தார்கள். உள்ளும் புறமும் என்று நான் மேலே பிரித்த கோடு, திட்டமிடாமலே இந்தப் படைப்பின் நடுவே ஓடுகிறது.

7. ஆளில்லாக் களம்

மெய்யான விண்வெளியில் இதுவரை நடந்தவை இந்தப் பிரிவினையையும் சோதிக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1974இல் ஏவிய சல்யூட்-3 நிலையம், விமானப் பீரங்கி ஒன்றை மாற்றியமைத்துச் சுமந்தது. அது நிலையத்தோடு இறுகப் பொருத்தப்பட்டிருந்ததால், குறிபார்க்க முழு நிலையத்தையும் திருப்ப வேண்டும். சுடும்போது எதிர்விசையைச் சமாளிக்க உந்துகருவிகளையும் இயக்க வேண்டும். 1975 ஜனவரியில், நிலையம் வளிமண்டலத்தில் எரியுமுன், ஆளில்லாத நிலையில் அது சுட்டுப் பார்க்கப்பட்டது. அதன்பின் நடந்தவற்றில் சில, தரையிலிருந்தோ வானிலிருந்தோ செயற்கைக்கோளை உடைத்த சோதனைகள். சீனா 2007இல் சுமார் 860 கிலோமீட்டர் உயரத்தில் தன் பழைய வானிலைக் கோளை உடைத்தது. கண்காணிக்கத்தக்க சிதறல்கள் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல். இந்தியா 2019 மார்ச் 27 அன்று ‘சக்தி’ சோதனையை 300 கிலோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் நடத்தியது. சிதறல்கள் விரைவில் கீழிறங்கி எரிந்துவிட வேண்டும் என்பதே அந்த உயரத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். கடற்போரில் மூழ்கிய கப்பலைக் கடல் விழுங்கிவிடும். மறுநாள் அவ்வழியே வேறு கப்பல் போகலாம். சுற்றுப்பாதையில் உடைந்த கலம், துப்பாக்கிக் குண்டைவிடப் பலமடங்கு வேகத்தில், நண்பன் பகைவன் என்ற வேறுபாடின்றி ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. வெற்றி, தோல்வி, போர்க்களத்தைக் கைப்பற்றுதல் ஆகிய மூன்று சொற்களும் இங்கே நிலைகுலைகின்றன. இதை மையமாக எடுத்த புனைவுகள் குறைவு. சிதறல் பொறுக்கும் தொழிலாளர்களைப் பற்றிய மகோடோ யுகிமுராவின் ‘பிளானெடிஸ்’ சித்திரக்கதை ஓர் அரிய முன்னோடி.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பு, கேஏ-சாட் என்ற தகவல்தொடர்புச் செயற்கைக்கோளின் சேவை தாக்கப்பட்டது. சுற்றுப்பாதையில் எதுவும் வெடிக்கவில்லை. கோளுக்கு ஒரு கீறலும் இல்லை. தரையிலிருந்த பல்லாயிரம் மோடம்களின் நினைவகம் நச்சு நிரலால் அழிக்கப்பட்டது. உக்ரைனில் இணைப்புகள் அறுந்தன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக்கண்காணிப்பை இழந்தன. உள்ளே எவரும் இல்லாத கலம் அது. கேப்டன், பணிமுறை, சேதக் கட்டுப்பாடு என்று நான் நியாயம் கண்ட உட்புறச் சொற்களுக்கும் அங்கே இடமில்லை. டெல்டா-வி, வெப்பம், திருப்பி எரித்தல் ஆகிய வெளிப்புறச் சொற்களும் அந்தத் தாக்குதலைத் தொடவில்லை. தாக்கப்பட்ட களம் எது என்பதற்கே, விண்கலமா, அலைவரிசையா, ஜெர்மானிய வயல்வெளியில் நிற்கும் காற்றாலையின் அடியிலுள்ள மோடமா என்று, அறிவியல் புனைவு இன்னும் பெயர் வைக்கவில்லை.